நாற்பதாவது உதாரணம்

ஜனவரி 9

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை.

போன வியாழக்கிழமை நான் ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தேன். பதறாதே, அவன் உயிரோடுதான் இருக்கிறான். 

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது உனக்குத் தெரியும். எழுபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே நான், காதருகே ஒரு வாக்கி டாக்கி. கீழே நிற்கும் மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல நான் சரக்குப் பெட்டிகளை இறக்க வேண்டும். இப்போது வந்திருப்பவர் புதியவர். ஆங்கிலம் தவிர வேறு பேச்சில்லை. அதையும் நேராகப் பேசமாட்டார். அன்றைக்குப் பெட்டி பாதி தூரம் இறங்கியிருக்கும்போது திடீரென்று "ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்! ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்!" என்று கத்தினார். குதிரைகளைப் பிடி என்றால் நான் என்னவென்று நினைப்பேன்? கப்பலில் வந்த குதிரை ஏதாவது அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறதோ என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். கை பாட்டுக்கு லிவரில் இருந்தது. பெட்டி பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே யாரோ இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டுவதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். சங்கிலி கழற்றிக்கொண்டிருந்தவனின் தலைக்கு ஒரு முழம் மேலே பெட்டி நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

'பொறு, அவசரப்படாதே' என்று அர்த்தமாம். அதைச் சொல்ல 'ஸ்டாப்' என்ற நல்ல வார்த்தை இருக்கும்போது குதிரை எதற்கு?

அதற்கு முன்னால், "டோன்ட் கட் கார்னர்ஸ்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூலையை வெட்டாதே என்கிறாரே என்று நானும் ஒவ்வொரு பெட்டியையும் நேராகக் கொண்டுபோய், நின்று, சதுரமாகத் திருப்பி வேர்த்து விறுவிறுத்துப் போனேன். அரைகுறையாக வேலை செய்யாதே என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று டீ ஊற்றுகிறவர் சொன்னார். டீ ஊற்றுகிறவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

விசாரணை நடந்தது. மார்ச் இரண்டாம் தேதி எனக்கு வாய்மொழித் தேர்வு. இந்த மாதிரி ஆங்கிலச் சொல்வழக்குகளைச் சொல்லி அர்த்தம் கேட்பார்களாம். தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிக் கயிறு இழுக்க விடுவார்கள். உன்னை விட்டால் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தர யாரும் இல்லை. ஒரு நாற்பது எழுதி அனுப்பு. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்கு விடிந்துவிடும், அதனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலேயே எழுது.

வீட்டில் யாரையும் விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை. நீ நலமா?

அண்ணன்

-

ஜனவரி 18

அண்ணனுக்கு,

ஆறு வருடத்தில் மூன்று தபால் அட்டை. நான்காவதாக ஒரு கடிதம், அதுவும் குதிரைக்காக. நல்லது. அந்தக் குதிரையாவது உன்னை எழுத வைத்ததே.

படித்ததிலிருந்து பெட்டிக்குக் கீழே உட்கார்ந்த ஆள்தான் கண்ணில் நிற்கிறார். அந்த ஆள் நன்றாக இருக்கிறாரா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

முதல் இருபதை இத்துடன் அனுப்புகிறேன். என் வகுப்பில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றை நீயும் கடைப்பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்வழக்குக்கும் பொருள் இருக்கும், உதாரணம் ஒன்று இருக்கும். உதாரணம் நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். இட்டுக்கட்டிய வாக்கியத்தை மறுநாளே மறந்துவிடுவார்கள். சொந்த வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லிவிட்டால் பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பன்னிரண்டு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன், இது தப்பியதே இல்லை. தேர்விலும் உதாரணம் கேட்டால் உன் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல். மனப்பாடம் செய்ததைச் சொல்லாதே.

என் கையெழுத்தை நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் அப்பாவிடம் கொடுத்து டைப் அடித்து வாங்கினேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'கிரேன்' என்ற வார்த்தை வந்த இடத்தில் மட்டும் மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் தீர்ப்பு அடித்த மனிதர், கொடுத்ததில் ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டார். நான் சரிபார்ப்பதே இல்லை.

நான் நலம்.

தங்கை

-

பிப்ரவரி 1

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

பெட்டியின் கீழே உட்கார்ந்த ஆள் நன்றாக இருக்கிறான். இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் கனைத்துக் காட்டுகிறான். துறைமுகம் முழுக்க எனக்குக் குதிரைக்காரன் என்று பெயர்.

பட்டியலைக் கூண்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்: அத்தி பூத்தாற்போல, எப்போதாவது. உதாரணம்: என் அண்ணன் எனக்குக் கடிதம் எழுதுவது.' நன்றாகக் குத்தினாய். 'கெட் கோல்ட் ஃபீட்: கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. உதாரணம்: நீச்சல் குளத்தின் உயரப் பலகை வரை ஏறிய அண்ணன், எல்லோரும் பார்க்க ஏணி வழியாகவே இறங்கி வந்தான்.' இதை இன்னுமா நினைவு வைத்திருக்கிறாய்? எழுபது அடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உன் விதி வேலை செய்கிறது. நேற்று மேற்பார்வையாளர் "லெட்ஸ் கால் இட் எ டே" என்றார். இன்றைக்கு இவ்வளவு போதும் என்கிறார் என்று புரிந்து நான் உடனே என்ஜினை அணைத்தேன். அவருக்கே ஆச்சரியம்.

அடித்திருப்பது பழைய மெஷின்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. 'ற' இன்னும் வரியை விட்டுக் கொஞ்சம் எழும்பியே நிற்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சமாதானம் தேடி வரவில்லை. அன்றைக்கு அம்மாவுக்கு மதியம் ஒரு மணிக்கு நெஞ்சு வலி வந்தது, அப்போது நான் வேலை பார்த்த கிடங்கின் வண்டி என்னிடம் இருந்ததால் எனக்காகக் காத்திருந்தார்கள், நான் மூன்றரைக்கு வந்தேன், சாயங்காலம் அம்மா இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னதும் அப்பா என்னைக் கைகாட்டினார். "இவன் நேரத்துக்கு வந்திருந்தா அவ பொழச்சிருப்பா" என்றார். நீயும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, இனி என் முகத்தில் முழிக்காதே என்றாய். உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அந்த இரண்டரை மணி நேரத்தைச் சுமந்துகொண்டுதான் இங்கே வந்தேன். அதை இறக்கி வைக்கிற கிரேன் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மீதி இருபதை அனுப்பு. தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

அண்ணன்

-

பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

வகுப்பில் தேர்வு நேரம், தலைக்கு மேல் வேலை. மீதி இருபது இத்துடன். நான் எழுதிக் கொடுத்து ஒரு வாரமாகிவிட்டது. வழக்கமாக ஒரே மூச்சில் அடித்துவிடுகிற அப்பா இந்த முறை நான்கு நாள் எடுத்துக்கொண்டார். கண் மங்கிவிட்டது போலிருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு அனுப்பு" என்றார். என் வாழ்நாளில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "நீங்க அடிச்சத நான் என்னத்தப் படிக்கிறது?" என்று மடித்து உறையில் போட்டேன். வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

வராந்தாவில் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது பதில் எழுத நேரமில்லை. நேரம் இருந்தாலும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கை

-

பிப்ரவரி 19

தங்கைக்கு,

இது என்ன விளையாட்டு?

இருபத்து மூன்று வரைக்கும் ஒழுங்காக இருந்தது. இருபத்து நாலைப் படித்தபோது வேலை நேரம், கூண்டுக்குள் இருந்தேன். அதற்கு மேல் ஒரு பெட்டியும் தூக்க முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.  நீ அனுப்பியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன், படி.

'24. டர்ன் எ டெஃப் இயர்: கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுவது. உதாரணம்: காலை ஏழு மணிக்கு என் மனைவி மார்பை அடைக்கிறது என்றாள். நான் தீர்ப்பு நகல் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை.'

'27. அண்டர் த வெதர்: உடம்பு சற்றே சரியில்லாமல் இருப்பது. உதாரணம்: அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்தேன். வெந்நீர் குடி என்றேன்.'

'29. டர்ன் எ ப்ளைண்ட் ஐ: பார்த்தும் பாராமல் விடுவது. உதாரணம்: ஒன்பதரை மணிக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்த்தேன். இன்னும் நான்கு பக்கம் பாக்கி இருந்தது.'

'33. பாஸ் த பக்: தன் பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. உதாரணம்: வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். ஒரு மணிக்கு என்றேன். பையனுக்காகக் காத்திருந்தோம் என்றேன்.'

'36. எ ஸ்கெலிடன் இன் த கப்போர்ட்: வெளியே தெரியாமல் மறைத்து வைத்த குடும்ப ரகசியம். உதாரணம்: அன்று அடித்த பக்கங்களின் கார்பன் நகல் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.'

நாற்பதில், 'பரி த ஹேட்செட்: பகையை விட்டு ஒன்றுசேர்வது' என்று பொருள் இருக்கிறது. உதாரணம் என்று போட்டு ஒன்றுமே இல்லை. வெறும் இடம்.

உண்மையைச் சொல். நீதானே எழுதினாய்? அண்ணன் பாவம், ஆறு வருடம் ஆகிவிட்டது, எப்படியாவது சேர்த்து வைக்கலாம் என்று அப்பா பேரில் நீயே இட்டுக்கட்டினாயா? அப்படியென்றால் செத்துப்போன அம்மாவை வைத்து நீ கதை எழுதியிருக்கிறாய். அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

நீ எழுதவில்லை என்றால்? அதை யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஏழு மணியா? அம்மா ஏழு மணிக்கே சொன்னாளா?

உடனே பதில் போடு.

அண்ணன்

-

பிப்ரவரி 25

அண்ணா,

நான் எழுதவில்லை. அம்மா மேல் ஆணையாக நான் எழுதவில்லை.

இருபத்து நாலுக்கு நான் எழுதிக் கொடுத்த உதாரணம் இது: 'மின்விசிறி ஓடவில்லை என்று சொன்னால் எங்கள் பயிற்சி நிறுவன முதலாளிக்குக் காது கேட்பதில்லை.' முப்பத்து மூன்றுக்கு, வகுப்பில் கரும்பலகையை அழிக்காததற்கு ஒருவரை ஒருவர் கைகாட்டும் இரண்டு மாணவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். என் கையெழுத்துப் பிரதி இப்போதும் என் பையில் இருக்கிறது.

உன் கடிதம் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிசைந்த கை அப்படியே காய்ந்துபோகும் வரை படித்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் நிமிர்ந்ததும், "வந்துருச்சா?" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கை கழுவாமல் எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தேன்.

இருந்தது, அண்ணா. அவர் எல்லாவற்றுக்கும் ஒரு கார்பன் நகல் எடுத்து வைப்பது உனக்குத் தெரியும்தானே? கீழ்த்தட்டில், பழைய செய்தித்தாளுக்கு அடியில், பதினோரு பக்கம். ஏதோ இரண்டு பேருக்கு நடுவில் சுவர்த் தகராறு பற்றிய வழக்கு. மேலே அந்தத் தேதி. அதே தேதி. முதல் இரண்டு பக்கம் வழக்கம்போல அச்சு மாதிரி இருக்கிறது. மூன்றாவது பக்கத்திலிருந்து பிழைகள். முப்பத்தொரு வருடத்தில் அவர் அடித்த தாளில் நான் பிழை பார்த்ததே இல்லை. இதில் ஏழு எண்ணினேன். நான்காம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி இப்படி இருக்கிறது: 'மேற்படி சுவரானது பிரதிவாதி வெந்நீர் கட்டியது என்பது நிரூபணமாகவில்லை.'

வெந்நீர்.  கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். "ஏன் சொல்லல? ஆறு வருஷமா ஏன் சொல்லல?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடுதாசியா எழுதலாம்னு எத்தனையோ தடவ உக்காந்தேம்மா. வரல. முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க சொன்னதத்தான் அடிச்சேன், சொந்தமா ஒரு வரி அடிக்கத் தெரியல. நீ உதாரணம் நெசமா இருக்கணும்னு மேல எழுதி வெச்சிருந்த. அந்தச் சொல்லுக்கெல்லாம் எங்கிட்ட நெசம் இருந்துச்சு. அடிச்சிட்டேன்." அனுப்புவதற்கு முன் நான் படித்துவிடுவேன், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தாராம். நான் படிக்காமலே உறையில் போட்டதும், வாசல் வரைக்கும் வந்தும் வாய் வரவில்லையாம்.

நான் கொடுத்த வார்த்தைகள், அண்ணா. வகுப்பு நோட்டிலிருந்து பார்க்காமல் எடுத்து எழுதிக் கொடுத்தவை.

அவரோடு ஒரே கூரைக்கடியில் இருக்க என்னால் முடியாது. நிறுவனத்துக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் போய்விடலாம் என்று இருக்கிறேன். அவர் தனியாகவே இருக்கட்டும். நீ தனியாக இருக்கவில்லையா?

வராந்தாவில் நான் உன்னிடம் சொன்னது இருக்கிறதே. அன்று நான் வெளியூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன், எதையும் விசாரிக்கவே இல்லை. அவர் ஒரு மணி என்றதும் ஒரு மணி என்று எடுத்துக்கொண்டேன். அவர் அடித்த தாளைச் சரிபார்க்காதது மாதிரியேதான் அதையும். எனக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

தங்கை

-

மார்ச் 4

என் தங்கச்சிக்கு,

அறைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. இந்தக் கடிதத்தை முழுதாகப் படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் கடிதம் தேர்வுக்கு முதல் நாள் வந்தது. படித்தபின் அறைச் சுவரைக் கையால் குத்தினேன். விரல் வீங்கிவிட்டது. ஏழிலிருந்து ஒன்று வரை ஆறு மணி நேரம். ஆறு வருடமாக என் தலையில் இருந்தது அவருடைய ஆறு மணி நேரம். நேராகக் கிளம்பி வந்து சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றிருந்தது. துணிப்பெட்டிகூட எடுத்து வைத்தேன்.

மறுநாள் தேர்வுக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நம் குதிரை மேற்பார்வையாளர் நடுவில். பதினைந்து கேட்டார்கள், பதினான்குக்குப் பட்பட்டென்று பொருள் சொன்னேன். கடைசியாக அவர் கேட்டது என்ன தெரியுமா? 'டர்ன் எ டெஃப் இயர்.'  பொருள் சொன்னேன். "கிவ் அன் எக்ஸாம்பிள்" என்றார். சொந்த வாழ்க்கையிலிருந்து சொல் என்று நீ எழுதியிருந்தாய். அப்பாவின் வாக்கியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்லப் போனேன்.

வேறு ஒன்று வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "வீட்டிலிருந்து போன் வந்தது. நான் சீட்டாடிக்கொண்டிருந்தேன். நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன்."

தங்கச்சி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு மதியம் ஒன்றேகாலுக்கு அப்பா கிடங்குக்குப் போன் செய்தார். கணக்கர் வந்து, "உங்க வீட்லேருந்து போன்" என்றார். கையில் நல்ல சீட்டு இருந்தது. அப்பா ஏதாவது வேலை ஏவத்தான் கூப்பிடுவார் என்று நினைத்து, "வெளிய போயிருக்கான்னு சொல்லிடுங்க" என்றேன். வண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அப்புறம் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் கிளம்பினேன். சுமையோடு வெகு தூரம் போயிருந்தேன், தகவல் தாமதமாக வந்தது என்று ஆஸ்பத்திரியில் உங்கள் எல்லோரிடமும் சொன்னேனே, அது முழுப்பொய்.

 மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "குட். யூ பாஸ்" என்றார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். கனைக்கிற ஆள் அந்தப் பக்கமாக வந்தான். தேறவில்லையோ என்று நினைத்துக்கொண்டு தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அதனால், ஏழிலிருந்து ஒன்று வரை அவருடையது. ஒன்றிலிருந்து மூன்றரை வரை என்னுடையது. நீ அவரை விட்டுப் போவதென்றால் அதே காரணத்துக்கு என்னையும் விட்டுப் போக வேண்டும். என்னை இனி விடுவாயா, சொல்.

இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தை விடாமல் படி.

அண்ணன்

-

மார்ச் 10

அண்ணா,

நீ தேறியதற்குச் சந்தோஷப்பட வேண்டும். கடிதத்தின் மற்ற பாதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. சீட்டாட்டமா?  இரண்டே வாரத்தில் அப்பாவையும் உன்னையும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால் ஒருத்தி என்ன செய்வாள்? கோபப்படக்கூட எனக்கு ஆள் மிச்சமில்லை.

நேற்றுப் படித்துக் காட்டினேன். மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரு எழுத்து அடிக்கவில்லை. சீட்டு என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். "திரும்பப் படி" என்றார். திரும்பப் படித்தேன். நீ எதிர்பார்த்த மாதிரி அவர் ஆறுதல் அடையவில்லை, அண்ணா. முகம் வெளிறிப்போய்விட்டது. "அப்ப அவனுக்கும் தன் தப்பு தெரிஞ்சிருக்கு. ஆறு வருஷம் தெரிஞ்சே இருந்திருக்கான். தனியா உக்காந்து எப்படித் தாங்கினான்?" என்றார். அப்புறம் குழந்தை மாதிரி விசும்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா போன அன்றுகூட அவர் அழவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். கொண்டுபோய்க் கையில் கொடுத்த பிறகுதான் என்ன கொடுத்திருக்கிறேன் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார், ஆறிப்போகும் வரை.

அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. சமைக்கிறேன், அவர் தட்டை எடுத்து வைக்கிறேன், பேசுவதில்லை. இதற்கு ஆங்கிலத்தில் ஏதாவது சொல்வழக்கு இருக்கும், தேட மனம் வரவில்லை.

நாற்பதைப் பற்றிக் கேட்டேன். தாள் தீர்ந்துபோய் விட்டுவிட்டீர்களா என்றேன். இல்லையாம். வேண்டுமென்றேதான் இடம் விட்டாராம். "அதுக்கு எங்கிட்ட நெசம் இல்லம்மா. இருந்தா அவன்கிட்டதான் இருக்கும்" என்றார்.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். இனி நீதான் சொல்ல வேண்டும்.

தங்கை

-

மார்ச் 15

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கூண்டில் வைத்துத்தான் படித்தேன். தேறியதால் இப்போது நான் ஷிப்டுக்குப் பொறுப்பாளன். ஆனாலும் கிரேனை விட்டு இறங்க மனமில்லை என்று கூண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'எப்படித் தாங்கினான்' என்ற இடத்தில் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மேலே படிக்க அரை நாள் ஆனது. திட்டுவார், அல்லது நிம்மதியாக மூச்சு விடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. 

நாற்பதாவது உதாரணத்தை எழுதி அனுப்பலாம் என்று மூன்று நாளாக உட்கார்ந்தேன். ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்பது உன் விதி. இது இன்னும் நடக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வருமோ, அழுகை வருமோ, வாசலோடு திரும்பிவிடுவேனோ, எனக்கே தெரியாது. உயரப் பலகையிலிருந்து ஏணி வழியாக இறங்கியவன்தானே நான்.

பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. இருபத்து மூன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். வழி எனக்கு மறக்கவில்லை.

இரண்டாவது இருபதின் தாளை என்னோடு கொண்டுவருகிறேன். மெஷினின் உறையை எடுத்துவிட்டு, ரிப்பன் காய்ந்திருந்தால் மாற்றி வைக்கச் சொல். நான் வந்ததும் நாற்பதின் வெற்றிடத்துக்கு நேராக அந்தத் தாளை மாட்டி அவரே உட்காரட்டும். நான் சொல்லச் சொல்ல அவர் அடிக்கட்டும். அடித்து முடித்ததும் நீ ஒரு தடவை சரிபார்த்துவிடு.

அண்ணன்